79 பேரின் கணக்கும் எல்லையோரத்து நோயாளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்கள் மடிவதோடு தொடர்புடைய மரபணுக்களை அளந்து பார்த்து, அரிய புற்றுநோய் ஒன்று வந்தவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று முன்கூட்டியே கணிக்கலாம் எனத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் ஒரு செய்தி வந்தது. 'ஆயுளைச் சொல்லும் மரபணுக்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எத்தனை மரபணுக்கள் என்று செய்தியில் இருக்கிறது. ஆய்வு எந்த நாட்டில் நடந்தது என்றும் இருக்கிறது. எத்தனை நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள் என்பது மட்டும் இல்லை. உத்தியோக காலம் முழுக்கப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவன் நான். என் கண் முதலில் அந்த இல்லாத எண்ணைத்தான் தேடியது.

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டா, அடங்கல், சாதிச் சான்று இவற்றோடு பிறப்பு இறப்புப் பதிவும் எங்கள் வேலைதான். எங்கள் ஊரிலிருந்து களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 முதல் நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆனாலும் பெரிய தீனம் என்று வந்துவிட்டால் கால் திருவனந்தபுரத்தை நோக்கித்தான் போகும். நாகர்கோவில் போய்ச் சேரும் நேரத்தில் அங்கே போய்விடலாம். சென்னை என்றால் ஓர் இரவு முழுவதும் ரயிலில் கிடக்க வேண்டும்.

என் அண்ணன் மனைவிக்கு, எங்கள் வழக்கில் மைனிக்கு, வந்திருப்பது அந்தச் செய்தி சொன்ன அதே நோய், அட்ரீனல் சுரப்பியின் புறணியில் (வெளி அடுக்கில்) தோன்றும் புற்றுநோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. முகம் வட்டமாக ஊதியது, மோவாயில் மயிர் முளைத்தது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருசேர ஏறின. உள்ளூரில் ஒரு வருடத்துக்கு மேல் சர்க்கரைக்கு மட்டுமே மாத்திரை தின்றார். பிறகுதான் எல்லைக்கு அப்பால் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, வலது சிறுநீரகத்துக்கு மேலே இருந்த கட்டியைக் கண்டுபிடித்து அகற்றினார்கள். இப்போது மைட்டோடேன் என்ற மாத்திரையில் இருக்கிறார். ஒரு காலத்தில் வீடு வீடாகக் கொசுவுக்கு அடித்த டிடிடி மருந்தின் உறவுக்கார ரசாயனம் அது. சுரப்பியின் புறணிச் செல்களைத் தேடிச் சென்று அழிக்கும் குணம் உடையது என்பதால் இந்த நோய்க்கு மருந்தாயிற்று. மைனிக்கு அதைத் தின்றால் சோறு இறங்குவதில்லை. ரத்தத்தில் அது ஒரு லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 20க்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்.

தங்கள் செய்தி வந்ததும் குவைத்தில் இருக்கும் அண்ணன் மகன் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். "சித்தப்பா, அம்மாவுக்கு இந்தச் சோதனையை எடுத்துப் பார்த்துவிடலாமே" என்றான். அவன் எங்கெங்கே விசாரித்தானோ, இரண்டு நாளில் ஒரு தனியார் ஆய்வகத்தின் ஆள் மோட்டார் சைக்கிளில் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினார். எண்பதாயிரம் ரூபாயாம். கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையை மருத்துவமனையிலிருந்து வாங்கிக் கொடுத்தால் போதுமாம்; அபாயம் அதிகமா குறைவா என்று அறிக்கையிலேயே வந்துவிடுமாம். கையில் தங்கள் செய்தியின் நகல் வைத்திருந்தார், பிளாஸ்டிக் உறை போட்டு. மைனி அந்தப் பேச்சு முழுவதையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது நான் இதைக் கேட்டேன். அவர் மைனியின் கோப்பைப் புரட்டி நோயியல் அறிக்கையை எடுத்தார். அதில் கட்டியின் எடை, செல்களின் தோற்றத்துக்குக் கொடுத்த மதிப்பெண், கடைசியில் கேஐ-67 என்று ஒரு சதவீதம். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை அந்தச் சதவீதம் காட்டுகிறது. அதன் அடியில் நீல மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். "நான் பார்ப்பது இது, கட்டி எவ்வளவு பரவியிருந்தது என்பது, முழுமையாக அகற்றப்பட்டதா என்பது. நீங்கள் சொல்லும் மதிப்பெண் கூடினாலும் இதே மாத்திரை, குறைந்தாலும் இதே மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எப்படியும் உண்டு" என்றார். பாதி மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். எண்பதாயிரத்துக்கு அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இதனால் அந்த ஆய்வுகளை நான் இளக்காரமாக எண்ணுவதாகக் கொள்ள வேண்டாம். செல் மடிவது என்பது பெரிய விஷயம். உடம்பு தன் செல்களைத் தானே ஒழுங்காக ஒழித்துக்கொள்கிறது என்பதைக் கெர், வைலி, கரி என்ற மூவர் 1972இல் எழுதி அதற்கு அப்பாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் உடம்பு உருவாகும்போது 1090 செல்கள் பிறந்து அவற்றில் 131 திட்டமிட்டபடி மடிகின்றன என்று எண்ணிக் கண்டவர்களுக்கும், அந்த மரணத்தை நடத்தும் மரபணுக்களைக் கண்டவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லைச் செல்லாக எண்ணியிருக்கிறார்கள். பதிவேடு எழுதியவனுக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும். பிறகு 2012இல் இரும்பின் துணையால் மடியும் ஃபெரோப்டோசிஸ் வந்தது. 2022இல் தாமிரத்தால் மடியும் குப்ரோப்டோசிஸ், அடுத்த ஆண்டே டைசல்ஃபைட்ப்டோசிஸ் என்று வாயில் நுழையாத இன்னொன்று. ஒவ்வொரு புதுப் பெயரும் வந்த சூட்டோடு, அந்தப் பெயரோடு தொடர்புடைய மரபணுக்களை வைத்து இன்ன புற்றுநோயில் ஆயுளைக் கணிக்கிறோம் என்ற கட்டுரைகள் வரிசைகட்டி வருகின்றன.

மைனியின் நோய்க்கும் இதற்கும் உண்மையிலேயே ஒரு பொருத்தம் இருக்கிறது. அட்ரீனல் சுரப்பி கொலஸ்ட்ராலிலிருந்து ஹார்மோன் செய்யும் உறுப்பு. அதன் செல்களில் கொழுப்பு நிறைய. அந்தக் கொழுப்பு இரும்பின் துணையால் ஆக்சிஜனேறிச் செல்லின் சவ்வு சிதைவதுதான் ஃபெரோப்டோசிஸ். ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி அதற்குக் காவல் நிற்கிறது. அந்தக் காவலைத் தட்டிவிட்டால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அட்ரீனல் புற்றுச் செல்கள் சுலபமாக மடிகின்றன என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. இதிலிருந்து ஒரு மருந்து வந்தால் எங்கள் வீட்டில் வெடி வெடிப்போம். மருந்துக்கு வழி தேடுவது ஒன்று, இன்னார் இத்தனை நாள் இருப்பார் என்று சொல்வது வேறொன்று. செய்தித்தாளில் இரண்டாவதுதான் எப்போதும் தலைப்பாகிறது.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்க அரசின் ஆதரவில் 2006இல் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் 33 வகைப் புற்றுநோய்களுக்கு 11,000க்கு மேற்பட்டோரின் கட்டிகள் சேர்க்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்தும் வைத்திருக்கிறார்கள், பெரிய மனது. அதில் அட்ரீனல் புறணிப் புற்றுநோய்க்காரர்கள் 92 பேர்தான். மரபணு வெளிப்பாட்டு அளவு, அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு, கிடைப்பது 79 பேருக்கு. இந்த நோயில் ஆயுளைக் கணிப்பதாக வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை திரும்பத் திரும்ப இதே 79 பேரிடம்தான் போய் நிற்கின்றன. இவர்களில் இறந்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஆயுட்கணக்கு பாடம் படிப்பது இறப்புகளிலிருந்துதான் என்பதால், பாடப்புத்தகம் இன்னும் மெலிகிறது.

செய்முறை இப்படி. செல் மரணத்தோடு தொடர்புடையவை என்று நூற்றுக்கணக்கான மரபணுக்களின் பட்டியலை எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் இறப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கணினி வழியே வடிகட்டி நான்கோ ஏழோ எஞ்சும்படி செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள். பிறகு நடுவில் ஒரு கோடு கிழித்து, மேல் பாதி 'அதிக அபாயம்', கீழ்ப் பாதி 'குறைந்த அபாயம்'. கோடு நடுவில் விழுவதால், எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் அதில் பாதிப்பேர் அதிக அபாயக்காரர்கள் ஆகிவிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த மைனிக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

என் பழைய இறப்புப் பதிவேட்டிலிருந்து 79 வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் இருநூறு விவரம் திரட்டலாம்: கிணற்றின் ஆழம், கூரை ஓடா கான்கிரீட்டா, வாசல் எந்தத் திசை, மாடு உண்டா, ரப்பர் மரம் எத்தனை மூடு, குடும்ப அட்டை எந்த வகை. இருநூறில் ஏதோ நான்கு விவரம் சீக்கிரம் இறந்தவர்களின் வீடுகளோடு அச்சாகப் பொருந்தித்தான் தீரும். வடக்கு வாசலும் பத்துக் கோல் கிணறும் ஆளைக் கொல்லும் என்று அப்போது கோட்டுப்படம் போட்டே நிரூபித்துவிடலாம். அதே நான்கை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமத்துப் பதிவேட்டைத் திறந்தால் சாயம் வெளுத்துவிடும். அடுத்த கிராமத்தில் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. நல்ல ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஆனால் இந்த நோயில் அடுத்த கிராமமும் சின்னதுதான்; மற்ற தொகுப்புகளில் இருப்பது இதைவிடக் குறைந்த ஆட்கள். முற்றிய நிலையில் எந்த மருந்துக் கூட்டு நல்லது என்று ஒப்பிட 2012இல் முடிவு வெளியிட்ட பெரிய பரிசோதனைக்கு 304 பேரைச் சேர்க்கவே 12 நாடுகள் தேவைப்பட்டன.

இன்னொரு சங்கதி. மார்பகப் புற்றுநோயில் ஆயுளைக் கணிப்பதாக வெளிவந்திருந்த 47 மரபணுப் பட்டியல்களைப் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய அதே எண்ணிக்கையிலான மரபணுக்களை எதிரே நிறுத்தினார்கள். 47இல் 28 பட்டியல்கள் அந்தக் குருட்டுப் பொறுக்கலைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. காரணம், வேகமாகப் பெருகும் கட்டியில் அந்த வேகத்தின் சுவடு ஏராளமான மரபணுக்களில் பதிந்திருக்கும். எதைத் தொட்டாலும் அது கையில் ஒட்டும். மைனியின் அறிக்கையில் நீல மையில் கோடு போட்ட சதவீதம் அந்த வேகத்தை ஏற்கெனவே சொல்லிவிடுகிறது. ஆகவே செல் மரண மரபணுக்கள் ஆயுளோடு ஒத்துப்போகின்றனவா என்பது பாதிக் கேள்விதான். நோயின் கட்டமும் கேஐ-67உம் சொன்னதற்கு மேல் அவை புதிதாக என்ன சொல்கின்றன என்பது மீதிப் பாதி. அதைக் கேட்டு எழுதும் செய்தியாளர் தங்களிடம் இருப்பார் என்றே நம்புகிறேன்.

மரபணு மதிப்பெண்ணே ஏமாற்று என்று யாரும் இதைக் காட்டி வாதாட வேண்டாம். அதே மார்பகப் புற்றுநோயில் 21 மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறது. 10,000க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, ஒரு குறிப்பிட்ட வகை நோயில் நடுத்தர மதிப்பெண் வந்த பெரும்பாலோருக்குக் கீமோ தேவையில்லை என்று 2018இல் நிறுவினார்கள். அந்த மதிப்பெண் வந்தால் சிகிச்சையே மாறுகிறது. அதற்குக் காசு கொடுக்கலாம்.

தொடர்ந்து பார்த்தது என்று சொன்னேனே, எங்கள் எல்லையோரத்தில் சறுக்குவது அங்கேதான். நோயாளி கேரளத்தில் சிகிச்சை பெறுகிறார். முற்றிப் போனதும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இறப்பு நடப்பது தமிழ்நாட்டில். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பு எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குள்தான் பதிவு. தகவல் சொல்ல வருவது மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ. "என்ன தீனம்?" என்று கேட்டால் "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்பார். புற்றுநோய் என்று ஏட்டில் ஏறினால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம். வீட்டில் இறந்தவருக்கு இறப்பின் காரணத்தை எழுதி மருத்துவர் தர வேண்டிய 4ஏ படிவம் என் மேசைக்கு வந்தது அபூர்வத்திலும் அபூர்வம். சொன்னதை எழுதிக்கொள்வதுதான் எங்கள் அதிகாரம். துருவி விசாரிக்க நாங்கள் காவல் நிலையம் அல்ல.

அப்பால் மருத்துவமனையில் என்ன நடக்கிறது? அவர் மறுபரிசோதனைக்கு வராததால் அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கிறார்கள். அந்த சிம் கார்டு எப்போதோ செத்துவிட்டது. மைனியின் விஷயத்தையே பாருங்கள். குடும்ப அட்டையில் அண்ணன் பெயரின் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் தகப்பனார் பெயர் பின்னால், மருத்துவமனை அட்டையில் மலையாள வழக்கப்படி வீட்டுப் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்கு யார் சொல்வது? ஊர்ப் பெயராவது உதவுமா என்றால், எங்கள் பக்கத்தில் பாதி ஊர்கள் 'விளை' என்று முடிகின்றன. ஒரே பெயரில் மூன்று நான்கு இருக்கும்.

இப்படித் தொலைந்தவரை ஆயுட்கணக்கில் 'கடைசியாக வந்த நாள் வரை உயிருடன் இருந்தார்' என்று மட்டும் எழுதி அத்தோடு விட்டுவிடுவார்கள். 1958இல் கேப்லன், மையர் இருவரும் கொடுத்த கணக்குமுறை அதற்கு இடம் தருகிறது, ஒரு நிபந்தனையோடு: தொலைந்தவர்களும் தொடர்ந்து வந்தவர்களும் ஒரே மாதிரியான ஆட்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் தொலைகிறவர்கள் சாவதற்காக வீடு திரும்பியவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு உண்மையைவிட நல்லதாகவே தெரியும். மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் ஆளை அவர் குடியிருக்கும் இடத்தைக் கொண்டு எண்ணுவதால், திருவனந்தபுரத்துக் கணக்கிலும் இவர் வெளியூர்க்காரர்தான். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயில் இப்படி ஒருவரைத் தொலைப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

ஆளைத் தொலைக்காமல் எண்ணுவதெல்லாம் நம் நாட்டில் நடக்காது என்று சொல்கிறவர்களுக்குக் கருநாகப்பள்ளியைக் காட்டுவேன். கொல்லம் மாவட்டத்துக் கடற்கரை. எங்கள் மணவாளக்குறிச்சியைப் போலவே தோரியம் கலந்த கருமணல் உள்ள இடம். யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் மணல்மேல் பழி போடுவது இரண்டு ஊரிலும் வழக்கம். (மணலைத் தோண்டுவது சரியா தவறா என்பது வேறு வழக்கு, அதற்குள் நான் போகவில்லை.) திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1990இலிருந்து அங்கே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அதிலிருந்து 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2005 இறுதி வரை 1379 புற்றுநோய்களைக் கண்டறிந்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். அந்த முடிவோடு சண்டை போடுகிறவர்கள் போடட்டும். ஆளைத் தொலைக்காமல் எண்ணினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். எங்களுக்கு மூன்று மணி நேரப் பயணத்துக்குள் நடந்த வேலை அது.

2023இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேசிய அளவில் ஒரே தரவுத்தளத்துக்கு அது வழி செய்கிறது. அப்படியானால், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பதிவான ஓர் இறப்பு, அந்தப் பக்கத்து மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தானாகத் தெரியவருவதற்கு என்ன தடை? எங்களைப் போலவே கேரள எல்லையோரத்தில் இருக்கும் புளியரை, கம்பம், கோபாலபுரம் பக்கத்து மக்களுக்கும் இதே பாடுதான் இருக்கும். இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய காரியம். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டைகள் மருத்துவமனை அலமாரிகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள் என்ற தகவல்தான் இல்லை. அது கிடைத்தால், இந்தச் செல் மரண மதிப்பெண் நம் ஆட்களிடம் பலிக்கிறதா என்று நம் மருத்துவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

தங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. இனி இத்தகைய செய்தி போடும்போது எத்தனை பேரை வைத்துக் கணித்தார்கள், வேறு நோயாளிகளிடம் சரிபார்த்தார்களா, அந்த மதிப்பெண்ணால் சிகிச்சை மாறுமா என்ற விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் தலைப்பின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

மைனியின் மருத்துவமனை அட்டையில் என் தொலைபேசி எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்தச் சொல்லி மனுவும் கொடுத்தாயிற்று. வரிசை எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் மணல் பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். 79 என்ற எண் உள்ள பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.